பெட்டி செருமாது

இங்கிலீஷ் வாத்தியார் மேசை நுனியில் ஒரு தொடையை மட்டும் ஏற்றி உட்கார்ந்துகொண்டு, தாளை மூக்குக்கு நேராகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பரீட்சை. இது கடைசிப் பயிற்சி. ரயில் நிலையத்தில் ஒரு பெண் ஒலிபெருக்கியில் அறிவிப்பதாக அமைந்த பகுதி. வடக்கே போகும் வண்டி தாமதமாக வரும், வழக்கமான நடைமேடைக்கு வராது, ஐந்தாவது நடைமேடைக்கு வரும், கடைசிப் பெட்டியில் யாரும் ஏறாதீர்கள், அதைப் பாதி வழியில் கழற்றிவிடுவார்கள் என்று அந்தப் பெண் சொல்ல வேண்டியதையெல்லாம் இவர் தன் கட்டைக் குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். ‘ஐந்து’ என்றதும் வகுப்பு முழுக்கப் பேனாக்கள் ஒரே நேரத்தில் தாளில் இறங்கின. ‘கடைசி’ என்றதும் மறுபடி இறங்கின. பழைய மர மேசைகள், உள்ளே பொந்து விழுந்தவை. அத்தனை பேனா முனைகளும் ஒன்றாக அதன்மேல் விழும்போது, தகரக் கூரையில் மழையின் முதல் வீச்சு விழுவது போலச் ‘சட’வென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அவர் இந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அதற்கு முந்தைய வருஷங்களில் அவர் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனவர்தான். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னால் அதையே அவர் தமிழில் சொல்லும்வரை பிள்ளைகள் காத்திருப்பார்கள். பரீட்சைக்குக் கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றுவார்கள். இந்த வருஷம்தான் மேலிடத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்த்தார்கள். ஒலிப்பெட்டியில் ஆங்கிலப் பேச்சு ஒன்று ஓடும், இரண்டு தடவை ஓடும், பிள்ளைகள் அதைக் கேட்டுக் கோடிட்ட இடங்களில் ஒவ்வொரு சொல்லாக நிரப்ப வேண்டும். அது முடிந்ததும் ஒரு பத்தியைப் படித்துப் பதில் எழுத வேண்டும். இரண்டிலும் தனித்தனியாகத் தேறணும். படிப்பதில் எவ்வளவு வாங்கினாலும் கேட்பதில் கோட்டைவிட்டால் மொத்தமும் போச்சு. பள்ளியில் இருந்த ஒலிப்பெட்டியோ எப்போதோ மூச்சை விட்டிருந்தது. பரீட்சைக்கு உரிய பெட்டி முத்திரை வைத்து அன்றைக்குத்தான் வரும். ஆகவே வாத்தியார் தானே பெட்டியானார். பயிற்சிப் பகுதிகளைத் தேடி எடுத்து, விடையாக வரும் சொற்களைச் சிவப்பில் அடிக்கோடு போட்டுக்கொண்டு, வாரத்துக்கு மூன்று தரம் வாசித்தார்.

ஆரம்பத்தில் பிள்ளைகள் பத்துக்கு ஒன்று, இரண்டு வாங்கினார்கள். சிலர் பேனாவைத் திறக்கவே இல்லை. பிறகு எந்த வாரத்தில் என்று சொல்ல முடியாதபடி மதிப்பெண் ஏற ஆரம்பித்தது. ஐந்து, ஏழு, எட்டு. தலைமையாசிரியர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “காதைத் தொறந்து விட்டுட்டீங்களே சார்!” என்றார். கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? “என் பாடத்தையும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க சார். உங்க வாயால கேட்டா அல்ஜிப்ரா கூட ஏறிடும் போல.” வாத்தியார் சிரித்து மழுப்பினாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், சின்ன வயதில் வானொலிச் செய்தியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஆங்கிலம் அவருடையது. அந்தக் குரலுக்கு இத்தனை காலம் கழித்து ஒரு மரியாதை வந்திருந்தது.

கடைசிப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து கைதட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளைக்கும் இப்படியே எழுதுங்கடா” என்று மட்டும் சொல்லி, தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருத்தன், “செருமல் சார் கெளம்பிட்டாருடா” என்றான். அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். சுண்ணாம்புத் தூள் தொண்டையில் ஒட்டும், அடிக்கடி செருமுவார், அதனால் வைத்தார்கள் என்று நினைத்திருந்தார். கண்ணாடி, குண்டன், நெட்டை என்று ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கிற வகுப்பில் தனக்கும் ஒன்று இருப்பது அவருக்கு ஒருவிதத்தில் பிடித்துக்கூட இருந்தது.

வீடு ஒரு டயர் கடைக்கு மேலே. இரண்டே அறை. கீழே யாராவது சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், மேலே தம்ளரில் தண்ணீர் நடுங்கும். ஒரு அறை அவருக்கு. இன்னொன்று கீச்சுக்கு. கீச்சு அவருடைய அக்கா மகள், அவர் வகுப்பிலேயே படிக்கிறவள். பிறந்தபோது அழாமல் கீச் என்று ஒரு சத்தம் போட்டாளாம், அன்றிலிருந்து அதுதான் பெயர். இப்போது அவளிடமிருந்து அந்தக் கீச்சும் வருவதில்லை. அப்பா இல்லாத பிள்ளை. பால் பல் விழுவதற்கு முன்னாலேயே அம்மா அவளைத் தம்பியிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போனாள். அங்கே வயதானவர்கள் தங்கும் விடுதியில் அவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிடும் வேலை. வருஷங்கள் ஓடிப்போயின. போன வருஷம்தான் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அந்த நாட்டில் அவளுக்கு அனுமதி கிடைத்தது. அதிலும் ஒரு கொக்கி. பிள்ளைக்குப் பதினெட்டு முடிவதற்குள் வந்துசேர வேண்டும், பள்ளியிறுதியில் ஆங்கிலம் தேறியிருக்க வேண்டும். கீச்சுக்கு இந்தக் கோடையோடு பதினெட்டு முடிகிறது. அடுத்த வருஷம் திரும்ப எழுதிப் பார்க்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அவள் அறையில் கட்டிலை ஒட்டிச் சிவப்புப் பெட்டி ஒன்று நின்றது. அம்மா சொல்லி, இவர்தான் போய் வாங்கி வந்தார். சக்கரம் வைத்தது. இன்னும் அதன் கைப்பிடியில் நெகிழித்தாள் சுற்றியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அங்கேயேதான் நிற்கிறது, காலியாக. கூட்டும்போது கீச்சு அதை ஒரு பக்கமாக உருட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைப்பாள்.

அன்று சாயங்காலம் அவர் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? திட்டக்கூடாது.”

“நான் என்னைக்கு உன்னத் திட்டியிருக்கேன்? கேளு.”

“நாளைக்கு வைக்கற பெட்டி செருமாதுல்ல?”

“பெட்டி எதுக்கும்மா செருமணும்? அதுக்கென்ன சளியா புடிச்சிருக்கு?” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பால் பொங்குவதைப் பார்த்து அவளே வந்து அடுப்பைக் குறைத்தாள்.

“நீங்க விடை வர்றதுக்கு முன்னாடி செருமுவீங்கள்ல. ‘ம்க்கும்’னு. அதுக்கடுத்து எந்த வார்த்தைய நிறுத்திச் சொல்றீங்களோ அத எழுதுவோம். கண்ணாடிதான் முதல்ல கண்டுபிடிச்சான். அப்புறம் எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்.”

கீழே சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை இறக்காமலே நின்றார்.

“எல்லாரும்னா?”

“எல்லாரும்.”

“மத்த வார்த்தையெல்லாம்?”

“அது என்னமோ போகும் மாமா. காதுல விழும், போயிடும்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம். வேணும்னேதான் செய்றீங்கன்னு.”

“வேணும்னு எதுக்கும்மா செய்வேன்?”

“நல்ல சார்னு நெனச்சோம்.”

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைய தாளைப் பிரித்துச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். அடிக்கோடிட்ட சொல் நெருங்க நெருங்கத் தன் வாய் என்ன செய்கிறது என்று, ஒரு வரியை மெல்லச் சொல்லிப் பார்த்தார். சிவப்பைக் கண்டதும் தொண்டையில் ஏதோ ஏறியது. ஜாக்கிரதையாகச் சொல்லணும், பிள்ளைக்குப் புரியணும் என்கிற பதற்றம் அங்கே வந்து கட்டி நின்றது. அதைத் தள்ளிவிடத்தான் அவர் செருமினார். ஒரு வருஷமாகச் செருமியிருக்கிறார். அந்தப் பேனாச் சத்தம், அந்த மழைச் சத்தம், தன் ஆங்கிலம் பிள்ளைகளின் காதுக்குள் போய்ச் சேர்ந்த சத்தம் என்று நினைத்து ராத்திரிகளில் அசைபோட்டுப் படுத்த சத்தம், தன் சளிக்குக் கிடைத்த பதில் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. இப்படி யோசித்துப் பார்த்தால், இத்தனை நாள் அந்த வகுப்பில் யாரும் இங்கிலீஷ் பேசவும் இல்லை, கேட்கவும் இல்லை.

“இங்க வா, உக்காரு” என்று கீச்சைக் கூப்பிட்டார். இதுவரை வாசிக்காத ஒரு பகுதியை எடுத்தார். சிவப்புக் கோடு கண்ணில் படாமல் தாளைத் தூரமாகப் பிடித்து, இடது கையால் தன் தொண்டையை மெல்ல அழுத்திக்கொண்டு, ஒரே சீராக, எங்கும் நிற்காமல் வாசித்தார். அவள் பேனாவைப் பிடித்தபடி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் எண்கள்.

“வார்த்தையப் பாக்காத. என்னயும் பாக்காத” என்றார். “கண்ண மூடிக்கோ. யாரோ பக்கத்து வீட்டுல பேசறாங்கன்னு வெச்சுக்கோ. என்ன சமாச்சாரம், யாருக்கு என்ன பிரச்சினைன்னு கேளு. ஒட்டுக் கேக்கறப்ப நீ வார்த்தையா பொறுக்குவ? விஷயந்தான கேப்ப?”

“ஒட்டுக் கேக்கறது தப்பு மாமா” என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இரண்டாவது பகுதியைக் கண்ணை மூடிக் கேட்டாள். நாலு. மூன்றாவது பகுதியில் மறுபடி மூன்று. இருட்டத் தொடங்கியது. ஒரு வருஷத்து வேலையை ஒரு சாயங்காலத்தில் செய்து முடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது போன் அடித்தது. அக்கா. வேலைக்கு நடுவில் ஏதோ மாடிப்படியில் நின்று பேசுகிற மாதிரி எதிரொலித்தது.

“தம்பி, என்னடா பண்றா? படிக்கறாளா?”

“படிக்கறா.”

“பயமா இருக்குடா எனக்கு. நானே பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. இங்க ஒரு பாட்டிம்மாவுக்கு இன்னைக்கு ரெண்டு தடவ சட்டையத் திருப்பிப் போட்டு விட்டுட்டேன்னா பாரேன்.” சிரித்தாள். “நீ பத்துக்கு ஒம்பது வாங்கறான்னு சொன்னதிலேர்ந்துதான் தூங்கறேன். ரூம்ல அவளுக்குக் கட்டில் போட்டாச்சுடா. சன்னல் பக்கம். போட்டோ அனுப்பறேன்.”

அவர் கீச்சைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினாள். எதை வேண்டாம் என்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

“சரிக்கா” என்றார்.

“நீ இருக்கறப்ப எனக்கென்னடா கவலை.”

போன் வைத்தபின் அந்தப் போட்டோ வந்தது. சின்ன அறை, இரண்டு கட்டில், ஒன்றின்மேல் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. கீச்சு அதை வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அவர் ஆறிப்போன தேநீரைக் குடித்தார். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் சுத்தியல் சத்தமும் தானும்தான் என்பது பல மாதங்களாக அவருக்குத் தெரிந்த விஷயம். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தட்டில் மட்டும் சாப்பாடு போட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். இப்போது, தேறாவிட்டால் இவள் எங்கேயும் போக மாட்டாள் என்கிற நினைப்பு, கூப்பிடாமல் வந்த விருந்தாளி போல உள்ளே நுழைந்து ஒரு மூலையில் உட்கார்ந்தது. அதில் ஒரு துளி நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவர் பயந்துபோனார். ஒருவேளை தொண்டைக்கு இது முன்பே தெரிந்திருந்ததோ, அதனால்தான் செருமியதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையில் பெட்டி வந்தது. முத்திரையோடு, உறை போட்டு, கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அதோடு வெளியிலிருந்து வந்த மேற்பார்வை அம்மா, கழுத்தில் சாவிக்கொத்தும் கையில் கடிகாரமும் கொண்ட குட்டையான பெண், யாரையும் நம்பாத முகம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இங்கேதான் எழுத வந்திருந்தார்கள். கூடத்தில் மேசைகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. ஆங்கிலம் நடத்துகிறவர் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது விதி. ஆகவே வாத்தியார் எதிர்த்தாற்போல் ஆசிரியர் அறையில், சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார் துணைக்கு இருந்தார்.

“ஏன் சார், பிரசவ வார்டுக்கு வெளிய நிக்கற மாதிரி இருக்கீங்க? உங்க பசங்க கண்ண மூடிக்கிட்டு எழுதுவானுங்க.”

“அப்படித்தான் எழுதணும்” என்றார் இவர்.

மணி அடித்தது. சன்னல்கள் திறந்திருந்ததால் பெட்டியின் குரல் நடைபாதையைத் தாண்டி நன்றாகவே வந்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும். பெண் எதையோ தொலைத்துவிட்டு வந்து கேட்கிறாள், ஆண் பதில் சொல்கிறான். ஒருத்தர் முடிப்பதற்குள் இன்னொருத்தர் ஆரம்பித்தார்கள். பின்னால் வண்டிகள் ஓடும் சத்தம், ஏதோ கதவு அடித்துச் சாத்தும் சத்தம். தண்ணீர் சரிவில் ஓடுவது மாதிரி எங்கும் தேங்காமல் பேச்சு ஓடியது. வாத்தியார் பேச்சைக் கேட்கவில்லை. பேனாக்களைக் கேட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘டக்’ என்று ஒன்று விழுந்தது, அது பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளாக இருக்கும். மற்றபடி கூடம் ஆளில்லாத வீடு போல இருந்தது. அவருடைய வகுப்பு மொத்தமும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தது, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு. அவர் கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்தினார். இங்கிருந்து ஒரு தடவை செருமினால்கூட அங்கே கேட்கும்.

முதல் தடவை முடிந்தது. சிறிது இடைவெளி. இரண்டாம் தடவை ஆரம்பித்து, அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். பிள்ளைகள் சளசளத்தார்கள், மேற்பார்வை அம்மா ஒரே அதட்டில் அடக்கினார். கொஞ்ச நேரத்தில் அவரே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு உறை.

“இங்கிலீஷ் சார் யாரு?”

“நான்தான்.”

“பெட்டி படுத்துருச்சு. அப்படி ஆனா ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வாசிக்கலாம்னு விதியிலயே இருக்கு. பக்கத்து ஸ்கூல் டீச்சர் வரல. நீங்கதான் இருக்கீங்க. வாங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. “உள்ள இருக்கறது என் பசங்கம்மா. என் அக்கா பொண்ணும் இருக்கு.”

“இருக்கட்டும். அந்தப் பக்கம் பாக்காம வாசிங்க.”

“வேற யாராவது...”

மேற்பார்வை அம்மா கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். “என்னப் பாக்காதீங்கம்மா” என்றார் அவர். “நான் வாசிச்சா எழுதினதையும் அடிச்சிருவானுங்க.”

“என் குரல்ல ஒரு கோளாறு இருக்கும்மா” என்று வாத்தியார் ஆரம்பித்தார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் செருமினால் அவர்கள் எழுதுவார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

“குரல் நல்லாத்தான் இருக்கு. நேரம் போகுது சார். ஒரே சீரா வாசிங்க, முகத்துல எதுவும் காட்டாதீங்க. கேள்வித்தாள உங்களுக்குக் காட்ட மாட்டேன், இது பேச்சு மட்டுந்தான்.”

உறையைப் பிரித்து நீட்டினார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. சிவப்புக் கோடு எங்கேயும் இல்லை. எந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நல்லவேளை என்று நினைத்தார். தெரியாத தொண்டை என்ன செய்துவிட முடியும்?

அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் அவருடைய பிள்ளைகளின் தோள்கள் ஒரே நேரத்தில் தளர்ந்து இறங்கின. அதை அவர் கண்ணால் பார்த்தார். பேயறைந்தது போலிருந்த முகங்களில் ரத்தம் ஊறியது. கண்ணாடி பக்கத்து மேசைக்குத் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினான். குண்டன் வாயெல்லாம் பல்லாக இருந்தான். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இவர்களுக்கு என்ன வந்தது என்று விழித்தார்கள். மூன்றாவது வரிசையில் கீச்சு இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவரை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். பேருந்து நிலையத்தில் பையைத் தொலைத்த ஒரு பெண். பை என்ன நிறம், எங்கே உட்கார்ந்திருந்தாள், எந்த வண்டியில் வந்தாள் என்று அங்கே வேலை பார்க்கிறவன் கேட்கிறான். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கட்டைக் குரல். ஒரே சீராக வாசித்தார். நிறம் வந்தது, போனது. யாரும் எழுதவில்லை. வண்டியின் எண் வந்தது, போனது. சிலர் எழுதினார்கள். பையில் என்னென்ன இருந்தது என்று அவள் அடுக்கினாள். இதிலெல்லாம் கண்டிப்பாகக் கேள்வி இருக்கும், எழுதுங்கடா, எழுதித் தொலையுங்கடா என்று அவருக்குள் ஒருத்தர் கத்தினார். அவருடைய பிள்ளைகள் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொற்கள், நிற்காத ரயிலின் சன்னல்கள் போல அவர்கள் முகத்தின்மேல் வெளிச்சம் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியின் முகத்தில் ஒரு கேள்வி வந்தது. ஏன் சார், எங்க மேல என்ன கோபம் என்கிற மாதிரி. அதைப் பார்த்தபோது அவருக்குத் தொண்டையில் ஏறியது.

அவர் எச்சிலை விழுங்கினார். இன்னொரு வரி வாசித்தார். மறுபடி விழுங்கினார். அது இறங்கவில்லை. சளியா, அழுகையா, நேற்று ராத்திரி மூலையில் வந்து உட்கார்ந்ததா, எதுவோ ஒன்று குரல்வளைக்குக் குறுக்கே நின்றது. குரல் கம்மி, சொல் பாதி காற்றாக வந்தது. மேற்பார்வை அம்மா நிமிர்ந்து பார்த்தார். தாளில் இன்னும் அரைப்பக்கம் இருந்தது. ஒரு சாதாரண வரிக்கு வந்திருந்தார். தேடிப் பார்க்கிறேன், அதுவரைக்கும் அந்த நாற்காலியில் உட்காருங்கள் என்று அவன் அவளிடம் சொல்கிற வரி. இந்த வரியில் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அந்தத் தைரியத்திலா, தாங்க முடியாமலா, அவருக்கே தெரியவில்லை.

“ம்க்கும்.”

நாற்காலி, என்றார் ஆங்கிலத்தில்.

பேனாக்கள் இறங்கின. பழைய மேசைகளின்மேல் ‘சட’வென்று அந்த மழை விழுந்தது. எங்கே எழுதினார்கள், எந்தக் கோட்டில், நிறத்துக்கா, பைக்கா, வண்டிக்கா? எல்லோரும் எழுதினார்கள். எழுதிவிட்டு நிமிர்ந்த முகங்களில் அவ்வளவு நன்றி இருந்தது. அவர் தாளைப் பார்த்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. நிறுத்தக்கூடாது என்பது விதி. அடுத்த வரியை வாசித்தார். அந்தப் பெண் உட்கார மாட்டேன் என்கிறாள். என் மகள் வெளியே நிற்கிறாள், அவளையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். அதற்கு அவன் சொல்கிற பதில், அதற்கு அவளுடைய பதில். எங்கும் நிற்காமல் வாசித்துக்கொண்டே போனார். தொண்டை மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது.

கூடம் முழுக்கப் பேனாக்கள் திரும்பவும் உயர்ந்து நின்றன, அடுத்த செருமலுக்காக. மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு பேனா கீழே இருந்தது. கண்ணைத் திறக்காமலே தடவி இடம் பார்த்து, எந்தச் சொல்லுக்கு என்று அவருக்குப் பிடிபடாமல், அது மெதுவாக எழுதிக்கொண்டிருந்தது.